லைன் இரண்டின் யூரின் ரிப்போர்ட்

1. இருபத்து மூன்று பேர்

லேப் வேலையிலேயே மரியாதை குறைந்தது யூரின் டெஸ்ட்தான். ரத்தம் எடுப்பவரை 'சிஸ்டர்' என்பார்கள், ஸ்கேன் எடுப்பவரை 'சார்' என்பார்கள். குப்பியை வாங்கி வைப்பவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. திருப்பதியில் ஒரு தனியார் லேபில் இருபத்தொன்பது வருஷம் அந்தக் குப்பிகளை வாங்கி வைத்தவள் நான். பெயர் கற்பகம், சொந்த ஊர் நகரிக்குப் பக்கம். இப்போது லேப் வேலைக்கு வரும் பிள்ளைகள் மெஷினை நன்றாக இயக்குகிறார்கள். மெஷினுக்கு வெளியே நடப்பதைப் பற்றி அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தடாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் வருஷா வருஷம் ஹெல்த் கேம்ப் நடத்தி வந்தோம். பெயர் வேண்டாம். முதல் நாளே குப்பிகளைத் தொழிலாளர்களிடம் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை அவர்கள் நிரப்பி, பெயர் எழுதிக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். எங்கள் வேன் ஐஸ் பெட்டியில் அவற்றை ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்குள் திருப்பதி வந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை லைன் ஒன்றின் குப்பிகளை முடித்தேன். எப்போதும்போல ஒருவருக்குச் சர்க்கரை, இரண்டு பேருக்குக் கொஞ்சம் கிருமி, மற்றவர்கள் நார்மல். பிறகு லைன் இரண்டு. இவர்கள் பெட்டிகளைத் தூக்கி லாரியில் ஏற்றும் கான்ட்ராக்ட் ஆட்கள், மொத்தம் இருபத்து மூன்று பேர். முதல் குப்பியில் புரோட்டீன் மூன்று பிளஸ். சிறுநீரில் அந்த அளவுக்குப் புரோட்டீன் போனால் கிட்னியின் வடிகட்டி ஓட்டையாகிறது என்று அர்த்தம். பாவம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் மூன்று பிளஸ். அதற்கடுத்ததும் அப்படியே.

எட்டாவது குப்பியில், முக்கிப் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் மேலேயே சந்தேகம் வந்து புது டப்பா திறந்தேன். அதிலும் அதே. கடைசியில் பாத்ரூம் போய் என்னுடையதையே பிடித்துவந்து சோதித்தேன். நெகடிவ். ஆக, ஸ்ட்ரிப் யோக்கியமானது. இருபத்து மூன்று பேருக்கும் மூன்று பிளஸ்.

லேப் முதலாளி சுப்பராயுடு காரு, அதாவது சுப்பராயுடு ஐயா, திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா கற்பகம், இருபத்து மூன்று கேஸா? ஒரே லைன்லயா?"

"ஆமாங்க சார். எனக்கே நம்பிக்கை வரலை. இன்னொரு தடவை பார்த்துட்டு அனுப்பலாம்."

"நம்பிக்கை நமக்கு எதுக்கம்மா, மெஷின் சொல்லிச்சே. பம்பிச்சேஸ்தானு, நீ ஊரிகே உண்டு."

அனுப்பிவிடுகிறேன், நீ சும்மா இரு என்று அர்த்தம். அவர் அனுப்பிவிட்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன். அது என் முதல் தவறு.

2. கிட்னி கமிட்டி

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையின் மீட்டிங் ரூமில் என்னையும் சுப்பராயுடு காருவையும் உட்காரவைத்திருந்தார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் பிரவீன் சென்னைக்காரர், தினமும் அங்கிருந்து காரில் வந்து போகிறவர். அவர் ராத்திரியோடு ராத்திரியாக 'கிட்னி கமிட்டி' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருந்தார். அதில் பதினொரு மேனேஜர்கள் இருந்தார்கள். லைன் இரண்டைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை.

"மேடம், இது பரவுமா? லைன் ஒண்ணுக்கும் வந்துருமா?" என்று கேட்டார் பிரவீன்.

"கிட்னி நோய் ஒட்டாதுங்க சார்."

"அப்ப எப்படி எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்துச்சு?"

அதற்குக் கமிட்டியிடம் நிறையப் பதில்கள் இருந்தன. ஒருவர் கேன்டீன் சாம்பாரில் தக்காளி அதிகம் என்றார். ஒருவர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றார். பிளான்ட் ஹெட், லைன் இரண்டின் கழிப்பறை ஈசானிய மூலையில் கட்டப்பட்டிருப்பதைக் கவலையோடு சுட்டிக்காட்டினார். அது மட்டும் மினிட்ஸில் ஏறியது.

நாங்கள் கேம்ப்புக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுப்போம். கிட்னி நோய் யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்ற பட்டியல் அதில் இருக்கும். சர்க்கரை, பி.பி., குடும்பத்தில் யாருக்காவது கிட்னிக் கோளாறு, அதிக எடை, சிகரெட், வயது, வருஷக்கணக்கில் சாப்பிடும் வலி மாத்திரை, வெயிலிலும் சூட்டிலும் தண்ணீர் குடிக்காமல் செய்கிற வேலை. அந்த நோட்டீஸை இந்த முறை பிரவீன் ரெவ்யூ செய்திருந்தார். சுவரில் ஒட்டியிருந்த பிரதியை அன்றுதான் பார்த்தேன். சூடும் தண்ணீரும் பற்றிய வரி இல்லை.

"அது கம்பெனியைச் சொல்ற மாதிரி இருந்துச்சு மேடம். லீகல்ல எடுத்துட்டாங்க," என்றார்.

வலி மாத்திரை வரியும் இல்லை. அங்கே முதலுதவி அறையில் எதற்குப் போனாலும் கொடுப்பது வலி மாத்திரைதான் என்பதால், அது முரண்பாடாக இருக்கும் என்று எடுத்துவிட்டார்களாம். எடை என்ற வரியில் பிளான்ட் ஹெட் வருத்தப்பட்டதாகத் தெரிந்தது. இப்படியே ஒவ்வொரு வரியாகப் போய், கடைசியில் எஞ்சியது குடும்பமும் வயதும். இரண்டுக்கும் கம்பெனி பொறுப்பில்லை.

"நான் லைனைப் பார்க்கணும் சார்," என்றேன்.

லைன் இரண்டு தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே நுழைந்ததும் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் மேசையில் சிவப்பு நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் டோக்கன்கள் தொங்கின. கழிப்பறைக்குப் போகிறவர் ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிஷத்தில் திருப்பிவைக்க வேண்டும். இருபத்து மூன்று பேருக்கு இரண்டு டோக்கன். அதனால் காலையில் உள்ளே வந்தவர்கள் சாயங்காலம் வரை தண்ணீர்ப் பக்கம் போவதே இல்லை. தண்ணீர் கேனுக்கு மேலே 'தினமும் மூன்று லிட்டர் நீர் அருந்துவோம்' என்று அழகான போர்டு. கேன் நிரம்பியிருந்தது.

முதலுதவி அறையில் பி.பி. ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கேம்ப்பில் பி.பி. பார்க்கும் பொறுப்பைக் கம்பெனியே எடுத்துக்கொண்டிருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எல்லோருக்கும் 120/80. கையெழுத்து ஒன்று, பேனா ஒன்று, ரத்த அழுத்தமும் ஒன்று.

3. பஸ்ஸில் நடந்த விநியோகம்

கேன்டீனில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை விரித்தேன். மெஷின் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது தெரியாதது, ஒரே தாளில் வரிசையாகப் பார்த்தபோது தெரிந்தது. புரோட்டீன் மட்டுமல்ல, அடர்த்தியும் இருபத்து மூன்று பேருக்கும் ஒன்று. அமிலத்தன்மை ஒன்று. கொஞ்சம் ரத்தக் கசிவு, அதுவும் ஒன்று. அண்ணன் தம்பிக்கே இப்படிப் பொருந்தாது. ஆறு பெண்களும் பதினேழு ஆண்களும் ஒரே மாதிரி போவது எப்படி?

சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். லைன் இரண்டில் நாலு வருஷமாக வேலை செய்பவர். தாளைக் காட்டவில்லை. "கன்னியம்மா, நேத்து குப்பியில யாரோடது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். "ஏன் மேடம், என்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆகாது. சொல்லுங்க."

"போன வருசம் நம்ம லைன்ல ஒருத்தருக்குச் சக்கர இருக்குதுன்னு வந்துச்சி. மறாநாளே வேலைக்கு வராதன்னுட்டாங்க. அதான் இந்தத் தடவ எல்லாம் பேசிக்கினோம். ஒரு நல்ல ஆளோடத ஊத்திக்கினா என்னான்னு."

"யாரு அந்த நல்ல ஆளு?"

"நம்ம முனிரத்தினம் அண்ணன்தான். பீடி இல்ல, பிராந்தி இல்ல. நாலு பெட்டிய ஒரே தூக்கா தூக்கும். எங்க லைன்லயே கெட்டியான ஒடம்பு அதான் மேடம்."

முனிரத்தினம் விடியற்காலையில் ஒரு கூல்டிரிங்க் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியிருக்கிறார். பஸ் ஓடும்போதே ஆளுக்குப் பத்து மில்லி ஊற்றியிருக்கிறார்கள். பதினெட்டாவது ஆளுக்கு வரும்போது குறையும்போல இருந்ததால், முன்னால் நிறைய ஊற்றிக்கொண்டவர்கள் திருப்பிக் கொடுத்தார்களாம். ஒருவருக்கும் விட்டுப்போகவில்லை. எந்த ரேஷன் கடையிலும் நான் பார்க்காத ஒழுங்கு.

ஒட்டாது என்று காலையில் நான் பிரவீனிடம் அடித்துச் சொன்ன நோய் பஸ்ஸில் இருபத்திரண்டு பேருக்கு ஒட்டியிருந்தது.

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே நின்றுபோனது. இருபத்திரண்டு பேர் தப்பித்தார்கள், சரி. அந்த ஒரு குப்பி உண்மை. லைனிலேயே கெட்டியான உடம்புக்காரருக்குக் கிட்னி ஓட்டையாகிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது.

4. நான் வாங்கிய மெமோ

கம்பெனியிடம் உண்மையைச் சொன்னால் மோசடி என்று இருபத்து மூன்று பேரையும் அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ரிப்போர்ட் அப்படியே நிற்கும், அதற்காகவும் அனுப்பிவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முனிரத்தினத்துக்கு வேலையும் இருக்காது, வைத்தியமும் கிடைக்காது.

காரில் திரும்பும்போது சுப்பராயுடு காருவிடம் சொன்னேன். சூளூர்ப்பேட்டை தாண்டியதும், "மன பனி ரிப்போர்ட் இய்யடமே அம்மா. ரிப்போர்ட் குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது. யாரோடதுன்னு பாக்கறது போலீஸ் வேலை," என்றார்.

"சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் கொடுங்க சார். திரும்ப எடுக்கணும்னு சொல்லுங்க."

"எப்படிக் கெட்டுச்சுன்னு கேப்பாங்களே. லேப் பேரு போயிடும்."

"ஐஸ் பெட்டியை நான் சரியா மூடலைன்னு எழுதுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் என் பெயருக்கு ஒரு மெமோ அடித்தார். இருபத்தொன்பது வருஷத்தில் நான் வாங்கிய ஒரே மெமோ அது. அதில் 'பொறுப்பின்மை' என்ற வார்த்தை இரண்டு இடத்தில் வந்தது. அடித்து முடித்ததும் எனக்கு ஒரு காபி வரவழைத்துக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

பிரவீனை ஒத்துக்கொள்ளவைப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ரிப்பீட் பண்ணா நம்பர் குறையுமா மேடம்?"

"குறையும்."

"எங்க சைன் பண்ணணும்?"

அதே சூட்டில் என் நிபந்தனைகளையும் சொன்னேன். ரத்தமும் எடுப்போம். பி.பி.யை நாங்களே பார்ப்போம். ரிப்போர்ட் ஒட்டிய கவரில் அவரவர் கைக்குப் போகும், கம்பெனிக்கு மொத்த எண்ணிக்கை மட்டும். கமிட்டியைக் கலைக்கும் சந்தோஷத்தில் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கேம்ப்புக்கு முன்னால் கன்னியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன்: "முதல் ரிப்போர்ட்ல எல்லாருக்கும் கிட்னி சரியில்லன்னு வந்துச்சு, திரும்ப எடுக்கறோம். கவரை உங்களைத் தவிர யாரும் பிரிக்க மாட்டாங்க. அவங்கவங்களோடதையே கொடுங்க."

5. கெட்டியான உடம்பு

முனிரத்தினத்துக்கு நாற்பத்தோரு வயது. கார்வேட்டிநகரம் பக்கத்து ஊர். மனைவியும் இரண்டு பெண்களும் அங்கே, இவர் தடாவில் நான்கு பேரோடு ஒரு அறையில். பி.பி. பட்டையைச் சுற்றக் கை நீட்டியபோது ரெக்ஸின் பட்டை எட்டாத அளவுக்குப் புஜம். பெரிய பட்டையை எடுத்து வந்து சுற்றினேன். 190/116.

உட்காரவைத்து, பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தேன். 188/114.

"உங்க மிசினு தப்பு மேடம்," என்றார் அமைதியாக. "எனக்கு 120/80 தான். வருசா வருசம் எழுதிக்கினு வராங்க."

"தலைவலி, மயக்கம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. இடுப்பு மட்டும் புடிக்கும். மாத்திர போட்டுக்குவேன்."

"என்ன மாத்திரை? எத்தனை நாளா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். சாதாரண வலி மாத்திரை. "இங்க ஃபஸ்ட் எய்டுல குடுப்பாங்க. தீந்துபோனா மெடிக்கல்ல வாங்கிக்குவேன். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. நாலு வருசமா. துன்னலன்னா குனிய முடியாது."

"தண்ணி?"

"உள்ளாற வந்தா குடிக்கறதில்ல. டோக்கன் கெடைக்காது."

"யூரின் போகும்போது நுரை வருதா?"

அவர் முகத்தில் சின்னப் பெருமை வந்தது. "சோப்பு கரைச்ச மாரி வரும் மேடம். சத்து ஜாஸ்தின்னு பசங்க சொல்லுவாங்க."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "உங்க நைனா இருக்காரா?"

"இல்ல. அவுருக்கு மூஞ்சி, காலு எல்லாம் ஊதிக்கினு போச்சி. மந்திரிச்சோம். என் வயசுதான் இருக்கும் அப்போ."

பிரவீன் வெட்டிய நோட்டீஸின் வரிகள் ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அவரிடம் பீடியும் பிராந்தியும்தான் இல்லை. அந்த இரண்டும் இல்லாததால்தான் ஊரே அவரை ஆரோக்கியம் என்று நம்பியது.

மறுநாள் ரத்த ரிசல்ட் வந்தது. கிரியேட்டினின் 2.3; ஒன்றையொட்டி இருக்க வேண்டியது. கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது. கவரை நானே கொண்டுபோய்க் கொடுத்து, கேன்டீனில் உட்காரவைத்துச் சொன்னேன். சாவேனா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்போ மொத தடவ எல்லாருக்கும் கெட்டதா வந்தது என்னாலதானா?" என்று கேட்டார். "நம்பி வாங்கிக்கினாங்களே மேடம்."

"உங்களாலதான் இப்போ பார்த்தோம். இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு டயாலிசிஸ் ரூம்லதான் உங்களைப் பார்த்திருப்பேன்."

அவர் கண்களைத் துடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

6. ஓடாத பஸ்

திருப்பதியில் கிட்னி டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன். பி.பி.யால் கிட்னி கெட்டதா, கிட்னியால் பி.பி. வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். குடும்ப வழியும் இருக்கலாம், நாலு வருஷ மாத்திரையும் சேர்ந்திருக்கலாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். பி.பி. மாத்திரை, உப்புக் குறைப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட். வலி மாத்திரையைத் தொடக் கூடாது. அதாவது நாலு பெட்டி தூக்குகிற வேலையும் கூடாது.

டாக்டர் கொடுத்த சீட்டை முனிரத்தினம் நேர்மையாகக் கான்ட்ராக்டரிடம் நீட்டினார். கான்ட்ராக்டரும் அன்பாகவே பேசினாராம். "நீ ரெஸ்ட் எடுத்துக்கோப்பா. நாங்களே கூப்புடறோம்." அந்த மொழியில் ரெஸ்ட் என்றால் என்ன என்று லைன் இரண்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் தடா நிறுத்தத்தில் வந்து நின்றது. இருபத்திரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் ஏறவில்லை. கோஷம் இல்லை, கொடி இல்லை. ஏன் ஏறவில்லை என்று டிரைவர் கேட்டதற்குக் கன்னியம்மா, "எங்களுக்கும் கிட்னி சரியில்லன்னு மொத ரிப்போட்டுல வந்துச்சில்ல, ரெஸ்ட்டு எடுத்துக்கறோம்," என்றாராம்.

பத்து மணிக்கு ஷெட்டின் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. பதினொரு மணிக்குப் பிரவீன் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அந்த முனிரத்தினத்துக்கு உட்கார்ந்து செய்யற வேலை கொடுக்கலாம்னு நீங்க ஒரு லெட்டர் தர முடியுமா?"

"டாக்டர் சீட்டிலேயே எழுதியிருக்கு சார். ரெண்டாவது பக்கம்."

"ரெண்டாவது பக்கம் நாங்க ஸ்கேன் பண்ணலை," என்றார்.

மத்தியானத்துக்குள் முனிரத்தினத்துக்கு ஸ்கேனிங் பிரிவில் நாற்காலி கிடைத்தது. பெட்டிகளின் மேல் உள்ள பார்கோடுகளை மெஷினால் சுட்டு எண்ணும் வேலை. பஸ் இரண்டாவது நடை வந்தபோது எல்லோரும் ஏறினார்கள். கமிட்டி கடைசியாக ஒரு முறை கூடி, டோக்கனை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தியது. அதைக் கம்பெனிப் பத்திரிகையில் 'ஆரோக்கியப் புரட்சி' என்று படத்தோடு போட்டார்கள். டோக்கன் புத்தம் புதிதாக இருந்தது.

மறு டெஸ்ட்டில் மற்ற இருபத்திரண்டு பேரில் மூன்று பேருக்கு பி.பி., இரண்டு பேருக்குச் சர்க்கரை. கவர் அவர்கள் கையில் மட்டும் இருந்ததால் அவர்கள் மாத்திரை எடுத்துக்கொண்டு வேலையிலும் இருந்தார்கள்.

7. நான் கற்றது

ஆறு வருஷம் ஆகிறது. முனிரத்தினத்தின் கிரியேட்டினின் இப்போது 2.7. மெதுவாக ஏறுகிறது, ஆனால் டயாலிசிஸ் வரவில்லை. பெரிய பெண் நர்சிங் படிக்கிறாள்.

வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிட்னி கடைசிவரை வலிக்காது. வலிக்காததைத்தான் நாம் ஆரோக்கியம் என்கிறோம். ரிசல்ட் விசித்திரமாக இருந்தால் மெஷினைச் சந்தேகப்படுங்கள், பிறகு குப்பியைச் சந்தேகப்படுங்கள், அதற்குப் பிறகு அந்தக் குப்பியைக் கொடுத்தவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பயப்படுகிற இடத்தில் யாரும் தன்னுடையதைக் கொடுக்க மாட்டார்கள்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வாரம் முனிரத்தினம் லேபுக்கு வந்தார். அது அவருடைய டெஸ்ட் மாதம் இல்லை. கூட ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். அதே அகலத் தோள், இன்னும் கருகருவென்ற மீசை. வந்தவர் கையை உதறிக்கொண்டே நின்றார்.

"தம்பி, மேடம்," என்றார் முனிரத்தினம். "குப்பம் ஊருல கல்லு குவாரி வேலைக்குப் போறான். ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லயாம். அதான் கூட்டிக்கினு வந்தேன்."